யூனிட்டை எப்படி எண்ணுகிறார்கள்

மானியம் என்று சொன்னதும் நம்மில் பலருக்கு வங்கிக் கணக்கில் வந்து விழும் தொகைதான் நினைவுக்கு வரும். சோலார் போட்டால் எவ்வளவு தருவார்கள், பம்புசெட்டுக்கு எத்தனை சதவீதம், எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும். பல்லடம் வட்டாரத்தில் தறிக்குடோன்களுக்கும் சிறிய பனியன் கம்பெனிகளுக்கும் கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால் இந்தக் கேள்விகள் என் மேசைக்கு அடிக்கடி வருகின்றன. தொகையைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் இன்னொன்றையும் சொல்வேன்: உங்கள் மின்சார யூனிட்டை மின்வாரியம் எப்படி எண்ணப் போகிறது என்று முதலில் பாருங்கள். மானியம் ஒரு தடவை வரும். எண்ணும் விதி இருபத்தைந்து வருடத்துக்கு உங்கள் பில்லில் உட்கார்ந்திருக்கும். அது நல்ல விதியாக இருந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் மானியத்துக்குக் காத்திருக்க மாட்டார்கள். கடன் வாங்கியாவது இறங்கிவிடுவார்கள். இதற்குச் சாட்சி எங்கள் ஊரின் கதையே.

கொங்கு நாட்டின் பெரும்பகுதி மழை மறைவுப் பூமி. ஆற்றுப் பாசனம் உள்ள சில பகுதிகளை விட்டால் மற்றதெல்லாம் கிணற்றை நம்பியது. 1932ல் அன்றைய சென்னை மாகாண அரசு நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையத்தைத் தொடங்கியது. அந்தக் கரண்ட் மலையிறங்கி வந்த பிறகு கோவையில் நூற்பாலைகள் வரிசையாக எழுந்தன. கமலை பூட்டி இறைத்த கிணறுகளுக்கு மோட்டார் வந்தது. அந்த மோட்டாரையும் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937ல் கோவையிலேயே செய்து காட்டினார்கள். அரசு செய்தது ஒன்றுதான், மலிவான மின்சாரத்தை நம்பகமாகக் கம்பியில் கொண்டு வந்து கொடுத்தது. மற்றதை ஊர் பார்த்துக்கொண்டது.

காற்றாலைகளின் கதையும் இப்படித்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி வாக்கில் தொடங்கும் காற்று புரட்டாசி வரை ஓயாது. பல்லடத்திலிருந்து உடுமலைக்குப் போகிறவர்கள் கேத்தனூர், பூளவாடி, குடிமங்கலம் பக்கமெல்லாம் காடு, அதாவது விவசாய நிலம், முழுக்கக் காத்தாடிகள் நிற்பதைப் பார்த்திருப்பார்கள். எங்கள் பக்கம் காற்றாலை என்று யாரும் சொல்வதில்லை, காத்தாடிதான். அவற்றில் பெரும்பாலானவை நூற்பாலைகளும் பனியன் ஏற்றுமதிக்காரர்களும் சொந்தப் பணத்திலும் வங்கிக் கடனிலும் நிறுத்தியவை. இரண்டு சலுகைகள் அவர்களை இழுத்தன. ஒன்று மத்திய அரசின் வருமான வரிச் சலுகை. இயந்திரத்தின் விலையில் ஒரு காலத்தில் முழுவதையும், பிறகு 80 சதவீதத்தையும் தேய்மானமாக முதல் வருடமே கழித்துக்கொள்ளலாம். 2012ல் அதை வெட்டினார்கள், 2014ல் திரும்பக் கொடுத்தார்கள், 2017லிருந்து 40 சதவீதம் ஆக்கினார்கள்.

இன்னொன்று மாநிலத்தின் கையில் இருந்தது. எங்கள் ஆலைக்காரர்கள் அதை பேங்கிங் என்பார்கள். காத்தாடி வருடத்தின் பெரும்பங்கு மின்சாரத்தை நான்கைந்து மாதத்தில் தந்துவிடும். ஆலை பன்னிரண்டு மாதமும் ஓட வேண்டும். ஆடியில் கேத்தனூரில் விளைந்த யூனிட்டை வாரியத்தின் கணக்கில் போட்டு வைத்து, காற்றில்லாத மாசியில் கோவையில் உள்ள ஆலையில் எடுத்துக்கொள்ளலாம். வாரியம் அதற்குக் கட்டணமாக யூனிட்டிலேயே ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். விதி அவ்வளவுதான். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டி வளர்ந்ததில் இந்த விதிக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற ஊரில், அந்தக் காற்றை வருடம் முழுக்க வைத்துச் செலவழிக்க ஒரு வழி கிடைத்தது.

வாரியத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆடி மாதம் எல்லோரும் ஒரே நேரத்தில் கொட்டும் யூனிட்டுக்கு மதிப்பு குறைவு. பங்குனி, சித்திரையில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது எடுக்கும் யூனிட்டுக்கு மதிப்பு அதிகம். அந்த நேரத்தில் வாரியம் வெளியில் அதிக விலைக்கு வாங்கித்தான் திருப்பித் தர வேண்டியிருக்கிறது. அதனால் பேங்கிங் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே வந்தார்கள். 2018 ஆணையில் அது 14 சதவீதம் ஆனது. அந்த ஆண்டு மார்ச்சுக்குப் பிறகு நிறுவும் காத்தாடிகளுக்கு ஓராண்டுச் சேமிப்பே இல்லை என்றும் ஆனது. கட்டணத்தை ஏற்றியதை ஒருவர் தாங்கிக்கொள்வார். கதவையே மூடினால் புதிதாக யார் வருவார்கள்? கோடைக்கு யூனிட் விலை அதிகம் என்றால், எடுக்கும் மாதத்துக்கேற்பக் கழிவு வைத்திருக்கலாம். ஆடியில் போட்ட நூறு யூனிட்டுக்குக் கார்த்திகையில் தொண்ணூறு, சித்திரையில் எழுபது என்று. எங்கள் ஆட்கள் கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

இன்னும் எனக்கு மனசு ஆறாத விஷயம் பழைய காத்தாடிகள். தொண்ணூறுகளில் நிறுவிய 225, 250 கிலோவாட் இயந்திரங்கள், அந்த வட்டாரத்திலேயே காற்று நன்றாக அடிக்கும் இடங்களைப் பிடித்துக்கொண்டு இன்னும் நிற்கின்றன. ஏனென்றால் முதலில் வந்தவர்கள் நல்ல இடமாகப் பார்த்துப் போட்டார்கள். இப்போது வரும் ஒரு இயந்திரமே இரண்டு, மூன்று மெகாவாட். அதே காட்டில், அதே காற்றில் எத்தனையோ மடங்கு எடுக்கலாம். இதற்காக 2024 ஆகஸ்டில் அரசு ஒரு தனிக் கொள்கை கொண்டு வந்தது. பழையதை மாற்றலாம், புதுப்பிக்கலாம், ஆயுளை நீட்டிக்கலாம். அதில் மெகாவாட்டுக்கு 30 லட்சம் ரூபாய் மேம்பாட்டுக் கட்டணம் என்றும் ஒரு வரி இருந்தது. மாற்றுங்கள் என்று ஊக்கப்படுத்த வந்த கொள்கை, மாற்றுகிறவரிடமே முதலில் கட்டணம் கேட்டது. காற்றாலைக்காரர்கள் எதிர்த்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இந்தப் பணத்தைக் கேட்காமல் விட்டிருந்தாலே அது பெரிய ஊக்கத்தொகை.

2008லிருந்து 2013 வரை இருந்த மின்வெட்டை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தறி ஓட்டுகிறவர்கள் கரண்ட் வரும் நேரத்துக்கேற்பத் தூங்கி எழுந்த காலம் அது. கோவையில் பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் பாதி நேரம் கதவைச் சாத்திக் கிடந்தன. அப்போது சிறு தொழில்களுக்கு மாநில அரசு டீசல் ஜெனரேட்டர் வாங்க மானியம் கொடுத்தது. விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம். அன்றைய நிலையில் அது தேவையாக இருந்தது, நானும் பலருக்கு எழுதிக் கொடுத்தேன். ஆனால் அதே பணம் அன்றைக்கே கூரைக்குப் போயிருந்தால் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். ஜெனரேட்டர் குடோன் மூலையில் தூசி படிந்து நிற்கிறது. சோலார் என்றால் இன்றும் யூனிட் கொடுத்துக்கொண்டிருக்கும்.

2012 அக்டோபரில் மாநிலத்தின் முதல் சூரிய மின்சக்திக் கொள்கை வந்தது. அந்த மின்வெட்டின் நடுவில் அது பெரிய நம்பிக்கை தந்த அறிவிப்பு. 2015க்குள் 3,000 மெகாவாட் என்று இலக்கு. வீட்டுக் கூரையில் போடுகிறவர்களுக்கு விளைந்த யூனிட்டைக் கணக்குப் பார்த்து ஊக்கத்தொகை: முதல் இரண்டு வருடம் யூனிட்டுக்கு 2 ரூபாய், அடுத்த இரண்டு வருடம் 1 ரூபாய், அதற்கடுத்த இரண்டு வருடம் 50 பைசா. ஒரு கிலோவாட் போடும் வீட்டுக்கு மத்திய அரசின் மானியத்தோடு மாநிலமும் 20,000 ரூபாய் சேர்த்துக் கொடுத்தது. ஏழைகளுக்குக் கட்டித் தந்த பசுமை வீடுகளில் சூரிய விளக்குகளும் சேர்ந்தே வந்தன. மனமார்ந்த முயற்சி என்றுதான் சொல்வேன். ஆனால் கூரையில் மிஞ்சுவதைக் கம்பியில் விட்டு, பில்லில் கழித்துக்கொள்ளும் நெட் மீட்டரிங் ஆணை 2013 நவம்பரில்தான் வந்தது. தொகை முதலில் வந்தது, எண்ணும் விதி ஒரு வருடம் கழித்து வந்தது. நடுவில் இருந்த ஒரு வருடத்தில் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் "மிஞ்சற கரண்டு என்னாகும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பெரிய ஆலைகள் தங்கள் தேவையில் 6 சதவீதத்தைச் சூரிய மின்சாரமாக வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் அந்தக் கொள்கையில் இருந்தது. அதை 2014ல் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ரத்து செய்துவிட்டது.

சரி, இன்றைய வீட்டுக் கணக்குக்கு வருவோம். மானியத் தொகை இப்போது மத்திய அரசுடையது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய். உத்தரப் பிரதேசம் போன்ற சில மாநிலங்கள் இதன் மேல் தங்கள் பங்காக 30,000 வரை சேர்த்துத் தருகின்றன. தமிழ்நாட்டு அரசின் பங்கு வேறு இடத்தில் இருக்கிறது: வீடுகளுக்கு நெட் மீட்டரிங், எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அப்புறம் படிப்படியாக ஏறும் கட்டணம். கடைசியாகச் சொன்னதுதான் இதில் முக்கியம்.

2022 செப்டம்பரில் வந்த கட்டணப் பட்டியலை வைத்துச் சொல்கிறேன். அதன் பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது, கணக்கின் போக்கு மாறவில்லை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடும் வீட்டுக்கு பில் 1,725 ரூபாய். 600 யூனிட் ஓடினால் 2,750. கடைசி நூறு யூனிட்டுக்கு மட்டும் 1,025 ரூபாய். 500ஐத் தாண்டியதும் 101லிருந்து 200 வரைக்கும் இருந்த குறைந்த விலையும் போய்விடுகிறது என்பதுதான் காரணம். 1,000 யூனிட் ஓடும் வீட்டுக்கு 6,550 ரூபாய். அந்த வீட்டில் மூன்று கிலோவாட் போட்டால் ஒரு நாளைக்கு சராசரியாக 12 யூனிட், இரண்டு மாதத்தில் 720. மிச்சம் 280 யூனிட்டுக்கு பில் 585தான். வருடத்துக்கு முப்பத்தைந்தாயிரம் மிச்சமாகிறது. மானியம் போகக் கையில் போட்ட லட்சத்துச் சில்லறை மூன்றரை வருடத்துக்குள் திரும்பிவிடும்.

அதே கணக்கை 400 யூனிட் ஓடும் வீட்டுக்குப் போடுங்கள். பில் 1,125. ஒரு கிலோவாட் போட்டால் 240 யூனிட் குறைந்து பில் 135 ஆகும். மிச்சம் வருடத்துக்கு ஆறாயிரம்கூட வராது. மானியம் போக நாற்பத்தைந்தாயிரம் போட்டால் திரும்பி வர ஏழரை வருடம். 200 யூனிட்டுக்குள் ஓடும் வீட்டுக்கு பில்லே 225தான், அவர்களுக்கு இதில் ஒன்றுமே இல்லை. ஏசி நாலு ஓடும் வீட்டுக்கு மானியமும் லாபம், மிச்சமும் லாபம். கைத்தறி நெய்கிறவர் வீட்டுக்கு இரண்டும் எட்டாது. திருப்பூரில் லைன் வீடுகளில் குடியிருக்கும் பனியன் தொழிலாளிகளை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. அவர்களுக்குச் சொந்தக் கூரை இல்லை. சப் மீட்டரில் வீட்டுக்காரர் சொல்லும் விலைதான் அவர்களின் கட்டணம். அரசு தரும் நூறு யூனிட் இலவசம்கூடப் பல இடங்களில் அவர்கள் கைக்கு வருவதில்லை. இந்த வீடுகளுக்கு ஒரு வழி செய்யாத திட்டத்தை முழுமையானது என்று என்னால் சொல்ல முடியாது. வெட்டவெளியில் ஒரு பொதுச் சோலார் தகடு, அதில் விளையும் யூனிட்டைக் குடியிருக்கிறவர் பெயரில் பங்கு பிரித்துக் கழிப்பது, இதைத்தான் நான் கேட்பேன். தகடு ஓரிடம், மீட்டர் ஓரிடம் என்று கணக்கு வைப்பது வாரியத்துக்குப் புதிதல்ல. கேத்தனூர்க் காத்தாடிக்கும் கோவை ஆலைக்கும் நடுவில் பல வருடமாக அதைத்தானே செய்து வந்தது?

சோலாருக்கு முன்னால் மின்விசிறியைப் பாருங்கள் என்றும் சொல்வேன். பழைய விசிறி 75 வாட். இப்போது வரும் பிஎல்டிசி விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. தினம் பதினைந்து மணி நேரம் ஓடும் வீட்டில் ஒரு விசிறிக்கு இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். நாலு விசிறி மாற்றினால் 160 யூனிட். 600ல் இருக்கும் வீடு 440க்கு இறங்கிவிடும். பில் 2,750லிருந்து 1,365 ஆகும். விசிறி மூவாயிரம் என்று வைத்தாலும் பன்னிரண்டாயிரம் போட்ட பணம் ஒன்பது பில்லில் திரும்பிவிடும். மார்கழியில் அவ்வளவு ஓடாது, ஆகவே கொஞ்சம் கூடுதலாக ஆகலாம். இதற்கு எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியதில்லை. ஏறிக்கொண்டே போகும் கட்டணமே இங்கே ஊக்கத்தொகை. பக்கத்து வீட்டு அக்கா ஒருவருக்கு இந்தக் கணக்கை பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். "இத யாரும் சொல்லவே இல்லீங்களே" என்றார். வாரியம் அனுப்பும் குறுஞ்செய்தியிலேயே 'நீங்கள் 500ஐத் தாண்டி இத்தனை யூனிட் போயிருக்கிறீர்கள், அதற்கு இவ்வளவு' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பல வீடுகளில் அதுவே வேலை செய்யும்.

தறிகளுக்கு வருகிறேன். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவசம் என்று இருந்ததை 2023 மார்ச்சில் 1,000 ஆக்கினார்கள். கைத்தறிக்கு 200, இப்போது 300. சோமனூர், பல்லடம், மங்கலம் பக்கம் கூலிக்கு நெய்கிறவர்கள் மூச்சு விடுவது இதனால்தான். கூலி உயர்வுக்காக அவர்கள் தறியை நிறுத்திப் போராடும் ஒவ்வொரு முறையும் கரண்ட் செலவு பேச்சில் வந்தே தீரும். இந்த இலவசத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அது ஒரு கோடு போட்டுவிடுகிறது. இலவச யூனிட்டுக்குள் முக்கால்வாசி அடங்கிவிடும் சின்னத் தறிக்காரருக்கு சோலாரும் வேண்டியதில்லை, நல்ல மோட்டாரும் வேண்டியதில்லை. என் மச்சானிடம் எட்டுத் தறி இருக்கிறது. பாதி மோட்டார்கள் திரும்பத் திரும்பக் காயில் கட்டியவை. ஒவ்வொரு தடவை கட்டும்போதும் கரண்ட் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். புது மோட்டார் விலை, கூலி நெசவில் கிடைக்கும் மிச்சத்தோடு ஒப்பிட்டால் மலை. காயில் கட்டுவது கையில் இருக்கும் காசுக்கு ஆகும்.

இலவச வரம்பைத் தாண்டி ஓடுகிறவர்களும் பனியன் கம்பெனிக்காரர்களும்தான் கூரையில் போட ஆசைப்பட்டவர்கள். பகலில் ஓடும் தொழில், கல்நார் அல்லது தகரக் கூரை, நல்ல வெயில். ஆனால் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021 அக்டோபர் ஆணையில் நெட் மீட்டரிங் வீடுகளுக்கு மட்டும் என்று ஆனது. தொழில்கள் மிஞ்சும் யூனிட்டைக் குறைந்த விலைக்குத்தான் வாரியத்துக்குத் தர வேண்டும். அதோடு நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்று. தன் கூரையில் விளைந்து, தன் மீட்டரைத் தாண்டாமல், தன் தறியிலேயே தீர்ந்துபோன யூனிட்டுக்கும் அது உண்டு. தாழ்வழுத்த இணைப்புக்கு ஒரு கட்டத்தில் யூனிட்டுக்கு ஒன்றரை ரூபாயை ஒட்டி வந்தது. வாரியத்தின் கம்பி எப்போதும் தயாராக நிற்கிறது, அதற்கு ஒரு செலவு இருக்கிறது என்பது சரிதான். அந்தச் செலவுக்கு நிலைக் கட்டணம் என்று ஏற்கெனவே வாங்குகிறார்கள். 2022ல் அந்த நிலைக் கட்டணமும் பல மடங்கு ஏறியது. 2023 செப்டம்பரில் மாநிலம் முழுக்கச் சிறு தொழில்கள் ஒரு நாள் கதவடைத்தபோது கோவையும் திருப்பூரும் முன்னால் நின்றன. அந்த ஆண்டின் இறுதியில் சிறு தொழில்களுக்கு நெட்வொர்க் கட்டணத்தைப் பாதியாக்குவதாக அரசு அறிவித்தது. நல்ல முடிவு. ஆனாலும், போட்ட பிறகு விதி மாறலாம் என்ற பயம் இன்னும் போகவில்லை. கடன் ஐந்து, ஆறு வருடத்துக்கு. விதி எத்தனை வருடத்துக்கு என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

யாரும் அதிகம் பேசாத ஒரு திட்டத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மாவட்டத் தொழில் மையத்தில் பீஸ் (PEACE) என்று ஒரு திட்டம் இருக்கிறது. எரிசக்தித் தணிக்கை செய்யும் செலவில் 75 சதவீதத்தை அரசு தரும். தணிக்கையில் சொன்னபடி மோட்டார், கம்ப்ரஸர், கொதிகலன் என்று மாற்றினால் அதற்கும் உச்சவரம்போடு பாதிச் செலவு வரை தரும். மாநில அரசின் மின்சாரச் சலுகைகளில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. விளைவதை விட்டுவிட்டு வீணாவதைப் பார்க்கிறது. தணிக்கைக்காரர் ஒரு பகல் முழுக்கக் குடோனில் நின்று, எந்த பெல்ட் தளர்ந்திருக்கிறது, கெப்பாசிட்டர் வேலை செய்கிறதா, காற்றுக் குழாயில் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்து எழுதித் தருவார். நான் கணக்குப் பார்க்கும் பனியன் கம்பெனி ஒன்றில், இரவில் எல்லா மெஷினும் நின்ற பிறகும் கம்ப்ரஸர் அவ்வப்போது தானே ஓடிக்கொண்டிருந்தது. குழாய் இணைப்புகளில் கசிவு. அதை அடைக்க ஆன செலவு ஒரு பெரிய தொகையே இல்லை.

ஆனால் முதலில் கைக்காசு போட வேண்டும், பிறகுதான் மானியம் வரும். எட்டுத் தறிக்காரரால் அது முடியாது. ஐம்பது தறிக்குடோன்களுக்கு ஒரே தணிக்கைக்காரரை ஊர்ச் சங்கத்தின் மூலம் வரவழைத்து, செலவை அரசு அவருக்கே நேராகக் கொடுத்தால் இந்தத் திட்டம் ஊருக்குள் வந்துவிடும்.

இனி காடு. இதை எழுதும்போது கவனமாக எழுத வேண்டும், ஏனென்றால் விவசாய மின்சாரத்துக்கு எங்கள் மண்ணில் உயிர் கொடுத்திருக்கிறார்கள். மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில், 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972ல் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில் கட்டை வண்டிகள் கோவையையே அடைத்து நின்றன. 1984ல் சிறு விவசாயிகளுக்கும் 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியில்தான். அதனால் தோட்டத்தில் மீட்டர் வைக்கிறோம் என்று யார் சொன்னாலும், என்ன காரணம் சொன்னாலும், இலவசத்தைப் பிடுங்க முதல் அடி என்றுதான் இங்கே கேட்கும். அந்தப் பயத்தை அறியாமை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் கிணறு எங்கே போயிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். காங்கயம், அவிநாசி, பல்லடம் பக்கம் போர்வெல் ஆயிரம் அடியைத் தாண்டுகிறது. அவ்வளவு ஆழத்திலிருந்து வரும் ஒவ்வொரு குடம் தண்ணீருக்கும் எவ்வளவு கரண்ட் என்று யாருக்கும் தெரியாது, எண்ணுவதே இல்லை. மும்முனை கரண்ட் வந்ததும் தானாகப் போட்டுக்கொள்ளும் ஸ்டார்ட்டர், ராத்திரி முழுக்க ஓடும் மோட்டார், தொட்டி நிறைந்து வழியும் தண்ணீர். நல்ல மோட்டாருக்கு வேளாண் பொறியியல் துறை மானியம் தருகிறது. சூரிய பம்புசெட்டுக்கு 70 சதவீதம் வரை தந்தது, இப்போது பொதுவாக 60. கிணற்றுப் பாசனத்துக்கும் ஆழம் குறைந்த போருக்கும் அது அருமையான திட்டம். பாம்புக்குப் பயந்துகொண்டு ராத்திரியில் மடை மாற்றப் போக வேண்டியதில்லை. ஆனால் ஆயிரம் அடிக்கு அது ஏறாது. இலவச இணைப்புக்குப் பதிந்து காத்திருந்த வரிசையை விட்டுக்கொடுத்துவிட்டு அதை வாங்க எங்கள் பக்கம் பலர் தயங்கியதும் இதனால்தான்.

மூலனூர் பக்கம் எங்கள் சித்தப்பாவுக்குக் கொரங்காடு இருக்கிறது. கிளுவை வேலி, நடுநடுவே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல், அதில் மேயும் காங்கயம் மாடுகள். தண்ணீரே இல்லாமல் நூற்றாண்டுகளாகப் பலன் கொடுத்த நிலம் அது. இப்போது அந்த வட்டாரத்தில் கொரங்காடுகளை வாங்கிப் பெரிய பெரிய சூரியப் பூங்காக்கள் வருகின்றன. தரிசு என்று காகிதத்தில் எழுதியிருப்பதால் சலுகையும் சுலபம். எனக்கு இதில் சம்மதமில்லை. திருப்பூரில் இத்தனை குடோன் கூரைகள் வெறுமனே வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்போது மேய்ச்சல் நிலத்தில் ஏன் போட வேண்டும்? கூரையில் விளைந்த யூனிட்டுக்குக் கட்டணம் வைத்ததன் மறுபக்கம் இது.

சித்தப்பாவிடம் பஞ்சாபைப் பற்றிச் சொன்னேன். அங்கேயும் விவசாயத்துக்கு இலவச மின்சாரம்தான், தண்ணீரும் இறங்கிக்கொண்டே போகிறது. 2018ல் அந்த மாநில அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. விருப்பமுள்ள விவசாயிக்கு இத்தனை யூனிட் என்று ஒரு அளவு. அதற்குள் நின்றால், மிச்சம் பிடித்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவர் கணக்கில் சேரும். தாண்டினாலும் பில் கிடையாது.

"தாண்டினாக் காசு கேக்க மாட்டாங்களா சாமி?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"கேக்க மாட்டாங்க சித்தப்பா. அப்படித்தான் திட்டமே."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் சொன்ன நிபந்தனைகள் மூன்று. இலவசத்தைத் தொட மாட்டோம் என்று சட்டசபையில் சொல்லிப் பதிய வேண்டும். மீட்டர் வாரியத்துடையதாக இல்லாமல் விவசாயிகள் சங்கத்தின் பொறுப்பில் இருக்க வேண்டும். பணம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, பில் போடும் அதே நாளில் வந்துவிட வேண்டும். இவை மூன்றும் இருந்தால் தன் தோட்டத்தில் முதல் மீட்டரை வைத்துக்கொள்ளலாம் என்கிறார். சொட்டுநீர் போட்டிருக்கிறார், நாலு மணி நேரம் ஓட்டினால் போதும், மீதி நேரம் ஸ்டார்ட்டரை அணைத்து வைக்கத் தயார். பல்லடம், காங்கயம், தாராபுரம் மூன்று வட்டாரத்திலும் வட்டாரத்துக்கு ஒரு பீடரில், அதாவது ஊருக்குக் கரண்ட் பிரித்துத் தரும் ஒரு லைனில், இரண்டு வருடம் இதை ஓட்டிப் பார்க்கலாம். நெட்வொர்க் கட்டணத்தைப் பாதியாக்க முடிந்த அரசால் இதுவும் முடியும். இந்தக் கோரிக்கையை சித்தப்பாவின் மூன்று நிபந்தனைகளோடு சேர்த்து எழுதி எங்கள் பகுதி விவசாயச் சங்கத்தாரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுவாகக் கொடுக்கிறார்கள். உங்கள் பகுதியிலும் கொடுக்க நினைத்தால் எழுதுங்கள், வரைவை அனுப்பி வைக்கிறேன்.